படையின் பலத்தை எடை போட முடியுமா?

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பாதையில் ஆம்பூர் வருகிறது. தோலுக்கும் செருப்புக்கும் பேர்போன ஊர். பிரியாணி சாப்பிட வண்டியை நிறுத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பக்கத்தில் நிற்கும் மலையை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

அந்த மலையடிவாரத்தில் 1749-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி ஒரு பெரும் போர் நடந்தது. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் அன்று யானை மீது இருந்தபடியே சுடப்பட்டு உயிர் இழந்தார். கர்நாடகத்தின் தலைவிதி ஒரே நாளில் மாறியது.

நவாபின் படையில் 20 ஆயிரம் பேர் இருந்ததாகச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒரு பக்கம் மலை. மறு பக்கம் ஏரி. நடுவே மண்மேடு எழுப்பி, பீரங்கிகளை வைத்துக் காத்திருந்தார் நவாப். எதிரே முன்னணியில் வந்தவர்கள் சுமார் 400 பிரெஞ்சுக்காரர்கள். அவர்களோடு சுமார் 2 ஆயிரம் சிப்பாய்கள்.

முதல் தடவை பாய்ந்தார்கள், விரட்டப்பட்டார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை புஸ்ஸி என்ற தளபதி முன்னே போனார். மண்மேடு வீழ்ந்தது.

காலையில் தோற்ற அதே ஆட்கள்தான் பிறகு ஜெயித்தார்கள். அப்படியானால் ஒரு படையின் பலம் என்பது என்ன? தராசில் வைத்து நிறுக்கக்கூடிய பொருளா அது?

தலையை எண்ணினால் போதாது

ஆம்பூர்ப் போருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1746-ல், சென்னை அடையாற்றங்கரையில் ஓர் அதிசயம் நடந்தது. நவாபின் மகன் மாபூஸ்கானிடம் 10 ஆயிரம் பேர் இருந்தார்கள். பாரடி என்ற தளபதியிடம் பிரெஞ்சுக்காரரும் சிப்பாய்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். ஆயிரம் பேர் ஆற்றில் இறங்கி வந்து 10 ஆயிரம் பேரைச் சிதறடித்தார்கள். வரிசை கலையாமல் நின்று, அடுத்தடுத்துச் சுடும் பயிற்சிதான் காரணம்.

ஆனால் ஆம்பூரில் அவசரப்பட்டுக் கணக்குப் போடக்கூடாது. அங்கே பிரெஞ்சுக்காரர்களின் பின்னால் சந்தா சாகிப், முசாபர் ஜங் ஆகிய இருவரின் பெரும்படையும் நின்றது. அதை விட்டுவிட்டு, "400 பேர் 20 ஆயிரம் பேரை வென்றார்கள்" என்று சொன்னால் அது கணக்கு ஆகாது, கதைதான் ஆகும்.

கர்னல் போட்ட கணக்கு

சரி, எப்படித்தான் கணக்கிடுவது?

ஒரு படையில் ஆயிரம் பேர். அவர்கள் எதிரிகளில் 100 பேரை வீழ்த்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து. எதிர்ப்படையில் 500 பேர். அவர்கள் வீழ்த்தியது 75 பேரை. நூற்றுக்குப் பதினைந்து. சிறிய படை அன்று தோற்று ஓடியிருக்கலாம். ஆனாலும் ஆளுக்கு ஆள் பார்த்தால் அதன் கைதான் ஓங்கியது.

இத்துடன் முடியவில்லை. ஆம்பூரில் இரண்டு தோல் தொழிற்சாலைகள் இருக்கின்றன என்போம். ஒன்றில் எல்லா வேலையும் கையால். மற்றொன்றில் இயந்திரம் உண்டு. ஆளுக்கு எத்தனை தோல் என்று மட்டும் எண்ணி, "இங்கே உள்ளவர்கள் சோம்பேறிகள்" என்று சொல்லலாமா? இயந்திரத்தின் பங்கைக் கழித்துவிட்டுத்தானே சொல்ல வேண்டும்! போரிலும் அப்படியே. மதிலுக்குப் பின்னால் நிற்பவனுக்கு மதிலின் பங்கைக் கழிக்க வேண்டும். பீரங்கி, மழை, மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் கழிவு உண்டு.

இப்படிக் கழித்துக் கழித்துக் கணக்குப் போட்டவர் அமெரிக்க கர்னல் டிரெவர் டுபுய். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1943, 1944-ம் ஆண்டுகளில் இத்தாலியில் நடந்த சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். ஜெர்மன் சிப்பாய்களின் திறமை, பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்களைவிட ஆளுக்கு ஆள் நூற்றுக்குச் சுமார் 20 பங்கு அதிகம் என்றார்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. "நீங்கள் எடுத்த சண்டைகளில் ஜெர்மனியின் பொறுக்கி எடுத்த படைகள் அதிகம் வந்துவிட்டன" என்று மறுத்தவர்கள் உண்டு. மூட்டையின் மேலே உள்ள நல்ல அரிசியை மட்டும் பார்த்து விலை பேசலாமா என்பது அவர்கள் கேள்வி.

பத்து மாதத்தில் மாறிய படை

மறுபடியும் நம் பக்கத்துக்கு வருவோம்.

1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினியின் கர்னல் பெய்லி அகப்பட்டுக்கொண்டார். அவரிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 3,800 பேர். ஹைதர் அலியும் திப்புவும் அந்தப் படையை அடியோடு அழித்தார்கள். சில மைல் தூரத்தில் இருந்த மன்றோவின் பெரிய படை உதவிக்குப் போய்ச் சேரவில்லை. அது சென்னைக்குத் திரும்பி ஓடிற்று.

பத்து மாதம் ஆகவில்லை. 1781 ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில் அதே கும்பினிப் படை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஹைதரின் படையை எதிர்த்து வென்றது. செப்டம்பரில் சோளிங்கரிலும் வென்றது.

என்ன மாறியது? தளபதி மாறினார், அயர் கூட் வந்தார். வங்காளத்திலிருந்து புதிய துருப்புகள் வந்தன. சிதறி நின்ற படை ஒன்றாகச் சேர்ந்து நடந்தது. ஆகவே இதை "அதே படை" என்று சொல்வதுகூட முழுவதும் சரியல்ல. கணக்குப் போடுகிறவர் இதையும் கவனிக்க வேண்டும்.

அப்படி வென்ற கூட்டும் ஹைதரைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. வண்டி இழுக்க மாடு இல்லை. சிப்பாய்க்கு அரிசி இல்லை. வேலூர்க் கோட்டைக்குள் ஒரு படை முற்றுகையில் பசியோடு கிடந்தது. 1782 ஜனவரியில் கூட் தானிய மூட்டைகளோடு வந்த பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது. துப்பாக்கி எத்தனை என்று எண்ணுகிறவர்கள் மாட்டையும் அரிசியையும் எண்ண மறக்கக்கூடாது.

கொசு கொன்ற பலம்

பர்மா யுத்தம் இதற்குப் பெரிய சாட்சி. 1942-ல் ஜப்பானியரிடம் தோற்று நடந்தே இந்தியா வந்த படை, 1944-ல் இம்பாலிலும் கோஹிமாவிலும் அவர்களைத் தடுத்து நிறுத்தியது. 1945 மே மாதம் ரங்கூனைப் பிடித்தது.

1943-ல் அந்தப் போர்முனையில், காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஒருவர் என்றால், நோயால் வந்தவர்கள் 120 பேர்! தளபதி சிலிம் எழுதி வைத்த கணக்கு இது. மலேரியாவுக்குத் தினமும் தவறாமல் மாத்திரை, காட்டுப் போருக்குப் பயிற்சி, விமானத்தில் உணவு. இவை வந்ததும் படையின் நிலையே மாறியது. இந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதில் நம் தமிழர்களும் உண்டு.

காலும் கவனிக்க வேண்டியதே. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுகளுக்காகச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத் தோல் கப்பல் கப்பலாகப் போயிற்று. கொப்புளம் கண்ட காலோடு எந்த வீரனும் வெகு தூரம் நடக்க முடியாது.

எண்ணியவர் யார்?

கடைசியாக ஒரு கேள்வி. இந்த எண்ணிக்கையெல்லாம் யார் எழுதியது?

ஆம்பூர், அடையாறு போர்களைப் பற்றி நாம் படிக்கும் பல எண்கள் இராபர்ட் ஓர்ம் எழுதிய சரித்திரத்தில் உள்ளவை. அவர் கும்பினி உத்தியோகஸ்தர். எதிரியின் படையை நின்று நிதானமாக எண்ணுவது யாருக்கும் முடியாது. எதிரி பத்து மடங்கு என்றால் வெற்றியும் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும்! எனவே இத்தகைய எண்களைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் குறிப்புகளில் வெள்ளை அதிகாரிகளின் பெயர் இருக்கும். கூடவே நின்று செத்த தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் வெறும் எண்ணாக இருப்பார்கள். வெந்துபோன வயல்களும் ஊரை விட்டு ஓடிய குடும்பங்களும் எந்தக் கணக்கிலும் இல்லை.

வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர். மக்கள் அதை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். நூற்றுக்குப் பத்து, நூற்றுக்குப் பதினைந்து என்று நிபுணர்கள் கணக்குப் போடட்டும். அந்தக் கணக்கால் பயிற்சியும் மருந்தும் உணவும் சரியான நேரத்தில் கிடைத்து, ஒரு பிள்ளை பிழைத்து வந்தால் அது நல்ல கணக்குத்தான். ஆனால் அந்த ஊரில் விடுமுறைக்கு வரும் மகனுக்காக வாசலில் நிற்கும் தாய்க்கு எண்ணிக்கை ஒன்றுதான்.