விளையாட்டு வீரர்க்கான முன்பரிசோதனை: இதய மின்வரைபடத்தின் பயன் குறித்த இரு ஆய்வுகள்

போட்டிகளில் பங்கேற்கும் வீரர்க்கு இதய மின்வரைபடத்துடன் கூடிய முன்பரிசோதனையை இத்தாலி 1982இல் கட்டாயமாக்கியது. வெனிட்டோ பகுதியில் 12 முதல் 35 வயது வரையிலான வீரரிடையே திடீர் இதய இறப்பு, 1979-80இல் ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு 3.6 என்றிருந்து 2003-04இல் 0.4ஆகக் குறைந்ததென 2006இல் கொராடோ குழுவினர் காட்டினர். பரிசோதிக்கப்படாதோரிடையே குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்பது இச்சான்றுக்கு வலுச் சேர்க்கிறது. எனினும் ஒப்பீட்டின் தொடக்கமாக அமைந்தவை இரண்டே ஆண்டுகள். அரிதாக நிகழும் இறப்புகளின் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் ஏறி இறங்கும் இயல்பினது.

இஸ்ரேலில் 1997இல் இதையொத்த சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய, பிந்தைய 12 ஆண்டுகளை ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வில் வீதம் முறையே 2.54, 2.66 என ஏறத்தாழ மாறாதிருந்தது. சட்டத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளை மட்டும் கணக்கில் கொண்டிருப்பின் அங்கும் பெருவீழ்ச்சியே தென்பட்டிருக்கும். இவ்வாய்வும் குறையற்றதன்று; நிகழ்வுகள் நாளிதழ்ச் செய்திகளிலிருந்தே திரட்டப்பட்டன.

அமெரிக்க இதயச் சங்கம் நோய் வரலாறும் உடற்பரிசோதனையும் அடங்கிய 14 கூறுகளைப் பரிந்துரைக்கிறது. மின்வரைபடத்தை அனைவர்க்கும் வற்புறுத்துவதில்லை. ஆனால் இதயத்தசைத் தடிப்பு நோய் எவ்வித அறிகுறியுமின்றி இருக்கக்கூடுமாதலால், வினாக்களுக்கு அது பிடிபடாமற் போகலாம். மறுபுறம், கடும்பயிற்சியால் இயல்பாகவே தடித்த இதயம் வரைபடத்தில் நோயுற்றதுபோலத் தோன்றி, நலமுள்ள ஒருவரைக் களத்திலிருந்து நீக்கிவிடவும் கூடும்.