ஒக்டோபர் எப்போது வரும்?

மாணவர்களே, விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆட்டம் நடைபெறும் வேளையைப் பற்றியே பேசுவர். நான் இன்று பேசக் கருதியது ஆட்டம் நடைபெறாத வேளையைப் பற்றி. ஓர் ஆட்டப் பருவம் முடிந்து அடுத்த பருவம் பிறக்கும் வரையில் இரசிகன் ஒருவன் எவ்வாறு காலங்கழிக்கின்றான், எதனை எண்ணி நம்பிக்கை கொள்கின்றான் என்பதை 2025ஆம் ஆண்டுக் கோடையில் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இரசிகன் வேறு யாருமல்லன். கனடாவிலே பிறந்து வளரும் என் மகள் வயிற்றுப் பேரன். வயது பதின்மூன்று.

யூன் மாதம் நான் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள அவர்கள் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். யூலையில் ஒருநாள், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நாட்காட்டி ஒட்டப்பட்டிருக்கக் கண்டேன். நாள்தோறும் காலையில் பேரன் ஒரு கட்டத்தைச் சிவப்பு மையால் வெட்டுவான். ஒக்டோபர் 8ஆம் நாளைச் சுற்றி நீல வட்டம் ஒன்று இருந்தது.

"அன்றைக்கு என்ன பரீட்சை, தம்பி?" என்று கேட்டேன்.

"பரீட்சை இல்லை, அம்மப்பா. லீஃப்ஸின் முதல் மட்ச்" என்றான்.

முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்கு இவ்விடை சற்று ஏமாற்றம் அளித்தது என்பதை ஒளிக்காமற் கூறிவிடுகிறேன்.

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்பது அந்நகரத்தின் பனி ஹொக்கி அணி. நம் பாடசாலைத் திடல்களில் ஆடும் ஹொக்கியினின்றும் இது பெரிதும் வேறுபட்டது. 200 அடி நீளமும் 85 அடி அகலமுங் கொண்ட பனிக்கட்டித் தளத்தில், கூரிய உருக்கு அலகு பொருத்திய சறுக்குப் பாதணிகளோடு, கோல் காப்பாளர் உட்படப் பக்கத்துக்கு அறுவர் ஆடுவர். பந்துக்குப் பதிலாக, 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்புமுள்ள இறப்பர் வட்டு ஒன்றைப் பயன்படுத்துவர். துள்ளாது வழுக்கிச் செல்லும்பொருட்டு ஆட்டத்துக்கு முன் அதனை உறையவைப்பர். ஆட்டம் 20 நிமிடங் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். ஆயினும் ஒரே ஆட்டக்காரர் தொடர்ந்து நின்று ஆடுவதில்லை. முக்கால் நிமிடம் வரை உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வேலியைத் தாண்டி உள்ளே போய் அமர்ந்துவிடுவார். இன்னொருவர் குதித்து வருவார்.

இவற்றையெல்லாம் பேரனே எனக்குச் சொல்லித் தந்தான். தமிழில் சொல்ல வேண்டும் என்பது நான் இட்ட நிபந்தனை. பாதி வழியிற் சொல் கிடைக்காமல் தவிப்பான். அப்போது நான் ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பேன். "அது சரியில்லை, அம்மப்பா" என்று தள்ளிவிடுவான். எதிரணியின் எல்லைக்குள் வட்டு நுழையுமுன் தாக்கும் அணியின் ஆட்டக்காரர் நுழைதல் ஆகாது என்ற விதியை, "வட்டு முதல், ஆள் பிறகு" என்று நான்கு சொற்களில் அடக்கினான். நானாயின் அரைப் பக்கம் எழுதியிருப்பேன். ஆட்டக்காரர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருவரையொருவர் குத்திக்கொள்வதும், நடுவர் சிறிது நேரம் அதனைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் எந்த விதியின்பாற்படும் என்று கேட்டேன். அதற்கு அவனிடம் நல்ல விடை இல்லை. என்னிடமும் இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1892இல் கனடாவின் ஆளுநர் நாயகமாயிருந்த ஸ்டான்லிப் பிரபு வழங்கிய வெள்ளிக் கிண்ணமே இவ்வாட்டத்தின் உச்சப் பரிசு. ரொறன்ரோ அணி 1927இல் மேப்பிள் இலையைத் தன் சின்னமாக ஏற்றது. வானொலியிற் பேசும் நான் ஒன்றைக் குறிப்பிடாது விடலாகாது. 1931இல் அவ்வணிக்கெனப் புதிய அரங்கு எழுந்தபோது, கூரையருகே தொங்கவிட்ட கூண்டு ஒன்றில் அமர்ந்து போஸ்ரர் ஹியூவிற் என்பார் ஆட்டத்தை வருணித்தார். சனிக்கிழமை இரவுகளில் அவர் குரல் நாடெங்கும் சென்றது. ரொறன்ரோவைக் கண்ணாலும் கண்டிராத உழவர் குடும்பங்கள், பனி மூடிய சமவெளிகளில், ஆயிரம் கல் தொலைவில் வானொலிப் பெட்டியைச் சுற்றியிருந்து அவ்வணியின் இரசிகராயினர்.

அவர்கள் கேட்டவை சாதாரண ஆட்டங்களல்ல. 1942இன் இறுதித் தொடரில் டெற்றோயிற் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்த லீஃப்ஸ், எஞ்சிய நான்கையும் வென்று கிண்ணத்தைப் பெற்றது. 1951இன் இறுதித் தொடரிலோ ஐந்து ஆட்டங்களும் மேலதிக நேரம் வரை சென்றன. ஐந்தாம் ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் பில் பரில்கோ என்ற இளைஞர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மீன்பிடிக்கச் சென்று திரும்புகையில், அவர் ஏறிவந்த சிறு விமானம் வடபுலக் காட்டில் மறைந்துபோயிற்று. அதன் சிதைவு அகப்பட்டது 1962 யூனில். பரில்கோவின் கோலுக்குப் பின்னர் லீஃப்ஸ் மீண்டும் கிண்ணம் வென்றது அதற்குச் சில வாரங்கள் முன்னரேதான். இக்கதையை எனக்குக் கூறும்போது பேரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சாவு அது.

1962, 1963, 1964, மீண்டும் 1967. கடைசியாக வென்ற ஆண்டில் அணியிலிருந்தோர் பலர் முதியோர். கோல் காப்பாளர் ஜோனி பவருக்கு வயது 42. 1967 மே 2ஆம் நாள் மொன்றியல் அணியை 3க்கு 1 என வென்று கிண்ணத்தைப் பெற்றனர். அதன் பின்னர் 2025 வரை, கிண்ணத்தை வெல்வது இருக்கட்டும், இறுதித் தொடரைக்கூட அவர்கள் எட்டவில்லை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று இச்சங்கத்தில் 32 அணிகள் உள. எல்லா அணிகளும் சமபலமுடையவை எனக் கொண்டால், ஓர் அணி ஓராண்டில் வெல்லாதிருக்கும் நிகழ்தகவு முப்பத்திரண்டில் முப்பத்தொரு பங்கு. அதனை அதனாலேயே இருபத்திரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழப் பாதி வரும். அஃதாவது, 22 ஆண்டு காத்திருந்தாலும் கிண்ணத்தைக் காண்பதற்குள்ள வாய்ப்பு நாணயத்தைச் சுண்டுவது போன்றதே. லீஃப்ஸ் இரசிகர் 1967க்குப் பின் 2025 வரை காத்திருந்த பருவங்கள் 57. முன்னாளில் அணிகள் குறைவாதலின் வாய்ப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். ஆகவே இது வெறும் தற்செயல் என்று சொல்லவும் தயக்கமாயிருக்கின்றது. பேரனிடம் இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவன் கவனமாகப் பார்த்தான். "அப்படியென்றால் அடுத்த வருஷம் வெல்லவே முடியாது என்று இல்லைத்தானே?" என்றான். கணிதப்படி அவன் கூறியது பிழையன்று.

உண்மையில் அவ்வாட்டச் சங்கத்தின் அமைப்பே இந்நம்பிக்கையை உண்டாக்கும்படி வகுக்கப்பட்டது. எவ்வளவு செல்வமுள்ள அணியாயினும் ஆட்டக்காரருக்குக் குறித்த தொகைக்கு மேற் சம்பளம் வழங்கலாகாது. 2004இல் இது பற்றி எழுந்த பிணக்கினால் ஒரு பருவம் முழுவதும் ஆட்டமே நடைபெறவில்லை; அதன் பின் 2005இல் இவ்வரம்பு நிலைபெற்றது. மேலும், இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்கையில், பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை கிடைக்கும் வகையில் திருவுளச்சீட்டு எடுப்பர். 2016இல் 30 அணிகளுள் கடைசியாக வந்த லீஃப்ஸ், அச்சீட்டின் பயனாக ஒஸ்ரன் மத்தியூஸ் என்பாரைப் பெற்றது. பனி அரிதாகவே விழும் அரிசோனாப் பாலைநிலத்தில் வளர்ந்தவர் அவர். தம் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல்கள் அடித்தார். அந்த ஆட்டத்திலும் லீஃப்ஸ் தோற்றது!

2025 மேயில் நேர்ந்ததும் அத்தகையதே. தம் பிரிவில் முதலிடம் பெற்று, ஒட்டாவா அணியை வீழ்த்தி, புளோரிடா அணியோடு ஏழாவது ஆட்டம் வரை சென்றனர். அவ்வேழாவது ஆட்டத்தைத் தம் சொந்த அரங்கிலேயே 6க்கு 1 என இழந்தனர். பின்பு யூலை பிறக்கும் தறுவாயில், ஒன்பது பருவம் ஆடிய மிச் மார்னர் அணியை விட்டு லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டார். ரொறன்ரோவின் அயலிலே பிறந்து வளர்ந்தவர். பேரன் அணிந்து திரிந்த சட்டையின் முதுகில் இருந்தது அவருடைய 16ஆம் இலக்கம்.

அன்று அவன் இரவுணவு உட்கொள்ளவில்லை. மறுநாள் அச்சட்டையை மடித்து இழுப்பறையின் அடியில் வைத்தான். ஆயினும் ஒரு கிழமை கழியுமுன் தாளும் எழுதுகோலுமாக உட்கார்ந்துவிட்டான். முன்னைய பருவத்தில் சம்பள வரம்பு 8 கோடி 80 இலட்சம் டொலர். அதில் பாதிக்கு மேற்பட்ட தொகை மார்னர் உள்ளிட்ட நால்வருக்கே போயிற்று. புதிய பருவத்தின் வரம்போ 9 கோடி 55 இலட்சம். இப்போது எஞ்சும் பணத்தைக் கொண்டு யார் யாரை அமர்த்தலாம், முன்வரிசையில் மத்தியூஸுக்கு வலப்புறம் யாரை நிறுத்தலாம் என்று அவன் வரிசை வரிசையாக எழுதினான். நான் அவ்வீட்டிலிருந்த காலத்தில் அத்தகைய பட்டியல்கள் இருபதேனும் எழுதியிருப்பான். வீட்டுப்பாடத்தை இவ்வளவு திருத்தமாக அவன் எழுதக் கண்டிலேன்.

"இவ்வளவு நேரத்தையும் வீணாக்குகிறானே" என்று ஒருநாள் மருமகனிடம் குறைப்பட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, தாம் 1990களின் நடுப்பகுதியில் அந்நாட்டுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்த கதையைக் கூறினார். உடன் வேலை செய்தோர் எவரும் முதல் மாதத்தில் அவரோடு பேசவில்லையாம். அவர்களுள் ஒரு முதியவர் வானொலியில் லீஃப்ஸ் ஆட்டத்தைக் கேட்பார். ஒருநாள் இடைவேளையில், "எத்தனைக்கு எத்தனை?" என்று இவர் கேட்டார். அதுவே அந்நாட்டில் இவர் தாமாகத் தொடங்கிய முதற்பேச்சு. அக்குளிர்காலத்தில் பழைய உடுப்புக் கடையில் ஒரு நீல மேலாடை வாங்கினார். இலைச்சின்னம் மட்டுமே உண்டு. பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. அது இன்னும் அலமாரியில் இருக்கின்றது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் மறந்துபோனதாக எண்ணியிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் நாங்கள் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். சில நாட்களின் பின், மாமரத்தின் கீழ்ச் சிறுவர்களை இருத்தி வகுப்பு நடத்தினேன். புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. பின்னால் இருந்த இரு மாணவர்கள் மெல்லிய குரலில் வழக்காடிக்கொண்டிருந்தனர். என்னவென்று உற்றுக் கேட்டேன். வரும் மார்ச்சில் 'வடக்கின் பெருஞ்சமர்' கிரிக்கெற் ஆட்டத்தில் யார் முதற்பந்து வீசுவார் என்பதே வழக்கு. அந்த மார்ச்சில் எவர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. "வீடு வாசலை விட்டு வந்து நிற்கிறோம், உங்களுக்கு ஆட்டமா?" என்று இருவரையும் கடிந்து எழுப்பி நிறுத்தினேன். அவர்கள் தலை குனிந்து நின்றனர். அதன்பின் அவ்வகுப்பில் எவரும் கிரிக்கெற் பேசவில்லை. நான் வாழ்க்கையில் இட்ட தண்டனைகளுள் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புவது அது ஒன்று.

மறுநாட் காலை பேரன் நாட்காட்டியை வெட்டும்போது, "இன்னும் எத்தனை நாள்?" என்று நானே கேட்டேன்.

செப்டெம்பரில் பயிற்சி முகாம் தொடங்கிற்று. பாடசாலையும் தொடங்கியதால் பட்டியல்கள் குறைந்தன. முகாமில் யார் விரைவாகச் சறுக்கினார், யார் காயமுற்றார் என்ற செய்திகள் மட்டும் மாலையில் எனக்கு வந்து சேரும். அப்பருவத்தில் ஏப்பிரில் வரை ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டம் இருந்தது. அதன்பின் 16 அணிகள் எஞ்சும். கிண்ணத்துக்கு இன்னும் 16 வெற்றி வேண்டும். இவ்வளவையும் அவன் மலையேறுபவன் படிகளை எண்ணுவதுபோல் எண்ணிக் காட்டினான். ஒளிபரப்பின் இடையிடையே வரும் சூதாட்ட விளம்பரங்களைப் பார்க்கலாகாது என்று மட்டும் அவனிடம் உறுதி வாங்கிக்கொண்டு, அம்மாத இறுதியில் நான் யாழ்ப்பாணம் திரும்பினேன்.

ரொறன்ரோவில் ஒக்டோபர் 8ஆம் நாள் மாலை ஏழு மணி என்றால், நமக்கு ஒன்பதாம் நாள் அதிகாலை நான்கரை. தொலைபேசி ஒலிக்குமுன்னரே எழுந்து தேநீர் வைத்திருந்தேன். எதிரணி மொன்றியல். தொலைபேசித் திரையில் பேரன் தோன்றினான். தகப்பனாரின் பழைய நீல மேலாடையை அணிந்திருந்தான். கைகள் நீளமாயிருந்தமையால் மடித்துவிட்டிருந்தான். தொலைபேசியைத் தொலைக்காட்சிக்கு நேரே பிடித்து, "தெரிகிறதா, அம்மப்பா?" என்றான். வெள்ளைத் தளமும் சில நீல உருவங்களும் தெரிந்தன. நடுவர் குனிந்தார்.

"வட்டு விழுந்துவிட்டது!" என்றான் அவன்.

அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.