பழைய அடுப்பை மாற்ற எவ்வளவு செலவாகும்?

லயத்துக் காம்பிராவில் அடுப்பை மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால், தாய்மார் முதலில் கேட்பது "எவ்வளவு முடியும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் கேட்கிறவர் மனதில் இருப்பது பெரும்பாலும் கடையில் விற்கும் அடுப்பின் விலை. முழுச் செலவில் அது ஒரு சிறு பங்கு. மிச்சம் எங்கே போகிறது, அதை யார் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்கினால் பாதியில் நிற்க வேண்டி வராது.

ரூபாக் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால் நமக்குப் பழக்கமான 'பேர்' கணக்கிலேயே பேசுவோம். ஒரு நாள் மலைக்குப் போய் முழுப்பேர் விழுந்தால் கிடைக்கும் சம்பளம்தான் நமது அளவுகோல்.

முதலில் கேஸ் அடுப்பை எடுத்துக்கொள்வோம். இளம் குடும்பங்கள் பலருக்கும் ஆசை அதில்தான். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அந்த வருடம் ஒக்டோபர் தொடக்கம்வரை 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 1,493 ரூபா, அதாவது ஒன்றரைப் பேர். 2022 ஏப்ரலில் அதே சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. சம்பளம் அசையவில்லை. ஏறக்குறைய ஐந்து பேர்! காசு இருந்தாலும் சாமான் இல்லை; மணிக்கணக்கில் கியூவில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தபோது சிலிண்டர் 3,690 ரூபா. அப்போதும் மூன்று பேருக்குக் கொஞ்சம் குறைவு. இது உள்ளே இருக்கும் கேஸின் விலை மட்டும். புதிதாக எடுப்பவர் வெற்றுச் சிலிண்டர், குக்கர், ரெகுலேட்டர், குழாய் எல்லாவற்றுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். கேஸ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காலையில் தேத்தண்ணி வைக்கவும் பிள்ளைக்குப் பால் காய்ச்சவும் அது பெரிய உதவி. ஆனால் குளிக்க வெந்நீர் போடவும் மாலையில் ரொட்டி சுடவும் கேஸை நம்பும் குடும்பம் நமக்குத் தெரிந்து மிகக் குறைவு. கேஸ் வாங்கிய வீட்டிலும் விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே மாற்ற வேண்டியது அந்த விறகடுப்பைத்தான்.

"மூன்று கல் அடுப்புக்கு என்ன செலவு? கல்லும் சும்மா, விறகும் சும்மா" என்று ஆண்கள் சொல்வார்கள். விறகு சுமக்கிறவர் அப்படிச் சொல்வதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்குக் கிழமைக்கு மூன்று கட்டு விறகு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டைப் பொறுக்கி, வெட்டி, தலையில் சுமந்து லயத்துக்குக் கொண்டுவர இரண்டு மணித்தியாலம். நல்ல அடுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விறகை மிச்சம் பிடிக்கும். கிழமைக்கு ஒரு கட்டு குறைந்தால் வருடத்துக்கு 52 கட்டு, 104 மணித்தியாலம். எட்டு மணி நேர வேலையாகப் பிரித்தால் 13 பேர். சும்மா கிடைத்த விறகுக்காக ஒரு பெண் வருடத்தில் 13 நாள் சம்பளமில்லாமல் கூடுதலாக உழைத்திருக்கிறாள். விறகைக் காசுக்கு வாங்குபவர்கள் தங்கள் தோட்டத்துக் கட்டு விலையைப் போட்டுப் பார்த்தால் சமாசாரம் இன்னும் தெளிவாகும்.

இனிப் புகை. காலை நாலு மணிக்கு எழும்பி, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும் குளிரில் அடுப்பு மூட்டுகிறோம். பக்கத்திலேயே பிள்ளை படுத்திருக்கிறது. விறகுப் புகையில் இருக்கும் பொடி நெஞ்சுக்குள் ஆழமாகப் போய்ப் படியும். பெரியவர்களுக்கு நாட்பட்ட இருமலும் மூச்சு வாங்கலும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நிமோனியாவும், கண்ணில் புரையும் வர இது காரணமாகிறது. கர்ப்பிணித் தாய் தொடர்ந்து புகையில் இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கவும் கூடும். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020 இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. சுருட்டையே தொடாத கிழவிக்கு ஏன் இந்த இருமல் என்று கேட்கிறோமே, இதுதான் பதில். பிள்ளைக்குச் சளி என்று ஒரு நாள் மலைக்குப் போகாமல் நின்றால் அதுவும் ஒரு பேர்தான். அதை யாரும் அடுப்புக் கணக்கில் எழுதுவதில்லை.

சந்தையில் கிடைக்கும் மண் அடுப்புகளில் நாட்டில் அதிகம் பரவியது 'அனகி' அடுப்பு. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு விலைமதிப்பானது என்று பொருள். 1980களில் இலங்கை மின்சார சபையும் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமும் விறகைச் சேமிக்கும் திட்டத்தில் சேர்ந்து செய்து கொண்டுவந்தது இது. குயவர் சூளையில் சுட்ட ஒரே துண்டு. முன்னால் விறகு வைக்க ஒரு வாய், மேலே இரண்டு சட்டிக்கு இடம். முதல் சட்டிக்குக் கீழே நெருப்பு எரியும். அங்கே மிச்சமாகும் சூடு உள்வழியாகப் போய் இரண்டாவது சட்டியைச் சூடாக்கும். மூன்று கல்லில் நாலு பக்கமும் காற்றில் போகும் சூடு இங்கே சட்டியின் அடியில் பிடிபடுகிறது. சோறு கொதிக்கும் நேரத்திலேயே பின்னால் பருப்பும் வெந்துவிடும். விலை பொதுவாக ஒரு நாட்பேருக்குள் அடங்கும். வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே வெடிப்பு இருக்கும்.

வாங்கிவந்து அப்படியே தரையில் வைத்து எரிப்பவர்கள் பலர். கொஞ்ச நாளில் வெடித்துவிடும், "இது சரிவராத சாமான்" என்று பேர் வைத்துவிடுவார்கள். சுற்றிவரக் கனமாக மண் பூசிக் கட்டினால்தான் சூடும் நிற்கும், அடுப்பும் வருடக்கணக்கில் உழைக்கும். புற்றுமண், சாணம், சிறிதாக நறுக்கிய மானாப்புல் அல்லது வைக்கோல் சேர்த்துக் குழைத்து, ஒரு நாள் ஊறவிட்டுப் பூச வேண்டும். இதற்குக் காசு இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். நிலத்திலிருந்து இடுப்பளவு மேடை கட்டி அதன் மேல் வைத்தால் குனியவும் வேண்டாம், தவழும் பிள்ளைக்கும் கை எட்டாது. உடைந்த கல்லும் மண்ணும் கொண்டே அந்த மேடையை எழுப்பலாம்.

இதுவரை பெரிய செலவில்லை. செலவு புகைக்கூண்டில்தான் இருக்கிறது. அனகி அடுப்பு புகையைக் குறைக்கும், இல்லாமல் பண்ணாது. மிச்சப் புகை வெளியே போக, அடுப்புக்கு மேலே கவிழ்த்த கூடை மாதிரி ஒரு கூண்டும், அதிலிருந்து கூரைக்கு மேலே போகும் குழாயும் வேண்டும். சூடான புகை தானாக மேலே ஏறும் இயல்புடையது. குழாய் நேராக இருந்தால் இழுக்கும். அங்கே வளைத்து இங்கே திருப்பினால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். குழாய் கூரை முகட்டைவிட இரண்டு அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மலைக்காற்று அடிக்கும்போது புகை கீழே தள்ளப்படும். மழை இறங்காமல் உச்சியில் ஒரு தொப்பி. வளை, கைமரம் போன்ற மரச்சாமானிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளிப் போக வேண்டும். முடியாத இடத்தில் இடையே தகரம் மறைத்து, காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். ஒரு காம்பிராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோகும். அடுப்புக்கு நேர் மேலே பரணில் விறகு அடுக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காகவே விடச் சொல்கிறோம். மலிவு என்று பிளாஸ்டிக் குழாய் வாங்கி மாட்டுபவரும் உண்டு. அது உருகும், பற்றும். தயவுசெய்து செய்ய வேண்டாம்.

தகரக் குழாய், கூண்டுக்குச் செங்கல் அல்லது தகரம், கொஞ்சம் சீமெந்து, மேசன் பாஸின் கூலி இவ்வளவும் சேரும். பாஸின் ஒரு நாள் கூலியே நமது இரண்டு மூன்று பேருக்குச் சமம். தனியாக ஒரு காம்பிராவுக்கு அழைத்தால் பாதி நாள் வேலைக்கும் முழு நாள் கூலிதான். லயத்தில் ஆறு வீட்டார் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்தால் கூலியும் லொறி வாடகையும் பிரிந்து போகும். தகரமும் மொத்தமாக வாங்கலாம்.

ஆனால் கூரையில் ஓட்டை போடுவதற்கு முன் ஒரு விஷயம். லயம் நமது பேரில் இல்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனபின் லயங்களும் அந்த நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கின்றன. அனுமதியில்லாமல் தகரத்தை வெட்டினால் பிறகு கூரை ஒழுகும்போது "நீங்கள்தானே வெட்டினீர்கள்" என்பார்கள். ஆகவே வாயால் சொல்லிவிட்டு வராமல், லயத்துக் குடும்பங்கள் எல்லாம் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்திலேயே தகரமும் பாஸும் தோட்டம் தர வேண்டும் என்று கேளுங்கள். கூரையும் சுவரும் கட்டடத்தின் பகுதி. அவற்றைச் சேர்ந்த வேலையின் செலவை உடைமையாளர் ஏற்பதுதான் முறை என்பது எமது எண்ணம். அடுப்பும் மண்ணும் உழைப்பும் நமது பங்கு, கூரை வேலை அவர்கள் பங்கு என்று பிரித்துக் கேட்டால் எந்தத் துரைக்கும் உடனே மறுப்புச் சொல்லக் கஷ்டம். நலன்புரி உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் வீட்டார் யாரும் அதை வெட்டவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. அதைத் தோட்டமே பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும்.

காசு கையில் இல்லாவிட்டால்? தோட்டத்தில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறதென்றால் முதலில் அங்கே விசாரியுங்கள். லயத்துப் பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடித்து மாதத்துக்கு ஒரு வீடு என்று முடிப்பதும் நல்ல வழி. வாசலுக்கு வந்து கிழமைக்கட்டணத்தில் கடன் தருகிறவர்களிடம் இதற்காகப் போக வேண்டாம். ஐந்தாறு பேரில் முடிகிற வேலைக்கு வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

வயதானவர்கள் சொல்லும் ஒரு மறுப்பை நாம் தட்டிக் கழிக்க விரும்பவில்லை. "மூன்று கல் அடுப்பு என்றால் காம்பிராவே வெதுவெதுப்பாக இருக்கும், நனைந்த கம்பளியும் படங்கும் காயும். இந்த மூடின அடுப்பில் குளிர் காய முடியுமா?" உண்மைதான். நுவரெலியா, உடபுசல்லாவைப் பக்கத்துக் குளிரில் அடுப்பு என்றால் சமைக்க மட்டுமில்லை. புது அடுப்பில் திறந்த நெருப்பின் சூடு கிடைக்காது. கனமாகப் பூசிய மண், நெருப்பு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் சூட்டை வைத்திருக்கும். கூண்டின் வெளிப்பக்கம் கயிறு கட்டிக் கம்பளி காயப்போடலாம், தீ எட்டாத தூரத்தில். ஆனால் குளிருக்காகச் சட்டியில் தணல் எடுத்துப் போய்ப் படுக்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். தணலிலிருந்து வரும் நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கினவர் எழும்பாமலே போய்விடுவார்.

எவ்வளவு நல்ல அடுப்பானாலும் பச்சை விறகை வைத்தால் புகையத்தான் செய்யும். புதிதாக வெட்டிய விறகின் நிறையில் பாதியளவு தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து விரட்டவே நெருப்பில் ஒரு பங்கு வீணாகப் போகிறது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு கொண்டுவந்த அன்றைக்கே அடுப்பில் திணிப்பது நம் பழக்கம். ஸ்டோர் அடுப்புக்குப் போகும் விறகைக் கம்பனி அடுக்கிக் காயவைத்துத்தான் எரிக்கிறது, நம் விறகோ பீலிக்கரையில் நனைகிறது! லயத்தின் பின்பக்கம் நாலு கம்பு நட்டு, பழைய தகரம் போட்டு, நிலத்தில் படாமல் விறகை அடுக்குங்கள். இரண்டு விரல் மொத்தத்துக்குப் பிளந்து வைத்தால் சீக்கிரம் காயும், அடுப்பின் வாய்க்கும் அளவாக இருக்கும். புகைக்குழாயை மாதத்துக்கு ஒருமுறை, அடுப்பு ஆறியபின், நீளக் கம்பில் சாக்குக் கட்டித் துடையுங்கள். கரி படிந்த குழாய் இழுக்காது, சில நேரம் உள்ளேயே தீப்பிடிக்கும்.

வேலையை மழை இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை பக்கத்தில் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை. கடிதத்தை அதற்கு இரண்டு மாதம் முந்தியே கொடுத்துவிடுங்கள், கந்தோரில் தாமதம் எப்போதும் உண்டு. மண் பூசிய அடுப்பை ஒரு கிழமையாவது நிழலில் காயவிடுங்கள். வெடிப்பு விழுந்தால் அதே மண்ணைக் கரைத்துத் தடவலாம். முதல் நாள் சுள்ளி மட்டும் வைத்துச் சின்ன நெருப்பு, அடுத்த நாள் கொஞ்சம் கூட்டி, மூன்றாம் நாள் சோற்றுப் பானையை ஏற்றலாம்.