நம்பிக்கையும் நல்லோர் ஆலோசனையும்

கடவுளை நம்பியவன் மனிதரிடம் யோசனை கேட்கலாமா என்னும் ஐயம் கிறிஸ்தவ அன்பர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர், ஆறாம் ஆண்டு முடித்த தம் மகனை மேலே படிக்க அனுப்பாமல் பட்டணத்துப் பட்டறையொன்றில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். காரணம் வினவினேன். "ஜெபம் பண்ணிவிட்டேன் ஐயா, இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை" என்றார். அவருடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் நாள்தோறும் வாசிக்கும் வேதாகமம் வேறு விதமாகவன்றோ சொல்கின்றது!

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தைப் பார்ப்போம். இஸ்ரவேல் மக்களை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசே, காலை முதல் மாலை வரை தாமே அமர்ந்து அவர்கள் வழக்குகளைத் தீர்த்துவந்தார். காணவந்த மாமனார் எத்திரோ இதைக் கண்டு, இம்முறை நன்றன்று, நீரும் மக்களும் சோர்ந்துபோவீர்கள் என எச்சரித்தார். தக்கவர்களை ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேர்களுக்குத் தலைவராக்கி, கடினமான வழக்குகளை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளச் சொன்னார். மோசே அவ்வாறே செய்தார்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. முட்செடியின் நடுவிலிருந்து கடவுள் பெயர் சொல்லி அழைத்தவர் மோசே. இந்த யோசனையையும் கடவுளே நேரில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது மாமனாரின் வாய்வழியே வந்தது. அவரோ இஸ்ரவேலர் அல்லர். மீதியான் நாட்டு ஆசாரியர். (மாமனார் சொல்லை மருமகன் மறுபேச்சின்றி ஏற்பது நம் வீடுகளிலும் அரிதே!) எத்திரோவும் தம் சொல்லே முடிவென்று வற்புறுத்தவில்லை. கடவுள் கட்டளையிட்டால் இப்படிச் செய்யும் என்றே சொன்னார். தலைவர்களுக்கு அவர் வகுத்த இலக்கணமாகிய திறமை, தெய்வபயம், வாய்மை, பொருளாசையின்மை ஆகியவை ஆலோசனை சொல்வோர்க்கும் பொருந்தும்.

கேட்டுவிட்டால் மட்டும் போதுமோ? சாலொமோனின் மகன் ரெகொபெயாமும் கேட்டான். சுமையைக் குறைக்குமாறு மக்கள் வேண்ட, மூன்று நாள் தவணை சொல்லி அனுப்பினான். தந்தையிடம் பணியாற்றிய முதியோர் இணங்கிப்போகச் சொன்னார்கள். உடன் வளர்ந்த இளைஞர்களோ கடுமையைக் கூட்டச் சொன்னார்கள். இளைஞர் சொல் அவனுக்கு இனித்தது. பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின.

இடித்துரைக்கும் துணையை அரசன் நாடவேண்டும் என்பது திருக்குறளின் 45ஆம் அதிகாரமாகிய 'பெரியாரைத் துணைக்கோடல்' காட்டும் நெறியுமாகும். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இவ்வதிகாரத்தைத் தம் வேதாகமத்தோடு ஒப்பிட்டு மகிழ்ந்திருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு.

அந்தத் தொழிலாளரிடம் எத்திரோவின் கதையை நினைவூட்டினேன். "பட்டறை முதலாளியைத் தவிர வேறு யாரிடம் பேசினீர்கள்? இடைநிலைப்பள்ளி ஆசிரியரிடம்? போதகரிடம்? பையனையாவது கேட்டீர்களா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். மறுவாரம் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். பையன் அவ்வாண்டே புகுமுக வகுப்பில் சேர்ந்தான்.