வட்டைவிதானையும் செயற்றிட்ட முகாமையாளரும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பகுதிகளில் வேளாண்மைப் போகம் ஏருடன் தொடங்குவதில்லை, கூட்டத்துடன் தொடங்குகின்றது. வாய்க்கால் துப்புரவாக்கும் நாள், நீர் திறக்கும் நாள், விதைப்பின் இறுதி நாள் யாவும் அதிகாரிகளும் வட்டைவிதானைமாரும் விவசாயிகளும் கூடிய அவையிலே முடிவாகின்றன. வாய்க்கால் வேலை பிந்தின் நீர் பிந்தும். நீர் பிந்தின் விதைப்புப் பிந்தும். சிறுபோகமாயின் அறுவடை மாரிமழையில் அகப்படும். ஆனால், காவற்குடில் வேய்வது இரண்டு நாள் பிந்தினாற் பெருங்கேடில்லை.

எந்த வேலை பிந்தினால் எல்லாமே பிந்தும் என்றறியும் இந்த விவேகத்தையே பிற்காலத்தார் கணிதமாக்கினர். 1957 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டுபாண்ட் கம்பனியார் இரசாயன ஆலைகளை அமைப்பதற்காக ஒரு கணக்கீட்டு முறையை வகுத்தனர். 1958 இல் அந்நாட்டுக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் ‘பேர்ட்’ எனும் முறையைக் கண்டது.

முறைகள் பிறந்தன, அவற்றைக் கையாள்வோரோ ஒவ்வொரு தொழிலிலும் தனித்தனியே நின்றனர். மருந்து செய்வோனும் கட்டடம் எழுப்புவோனும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றே எனக் கண்ட ஜேம்ஸ் ஸ்னைடர் முதலிய ஐவர், 1969 இல் செயற்றிட்ட முகாமை நிறுவகத்தைத் தோற்றுவித்தனர். அதன் முதற் பொதுக் கூட்டம் அட்லாண்டா நகரில் நடைபெற்றது. 1984 இல் தொழிற்சான்றிதழுக்கான பரீட்சையும் தொடங்கிற்று. இன்று கொழும்பிலும் அதற்கொரு கிளையுண்டு.

நம் வயல்களுக்கு நீர் தரும் சேனாநாயக்க சமுத்திரமோ, அந்நிறுவகம் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் விளைவாகும். சங்கமின்றியும் பெருந்திட்டங்கள் நடந்தன. எனில், சங்கம் எதற்கு? ஒருவர் பட்டறிந்ததை மற்றவர் மீண்டும் பட்டறியாதிருப்பதற்கே.

அத்தகைய பாடமொன்று நம் கரையிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபியாவின் உதவியுடன் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் எழுந்தன; பாடசாலையும் மருத்துவமனையும் பள்ளிவாசலும் உடன் எழுந்தன. ஆனால், வீடுகளை யாருக்கு எவ்வாறு பகிர்வது என்னும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுவரும் கூரையும் நிறைவெய்திய பின்னரும் அவை பல்லாண்டுகள் குடியின்றிக் கிடந்தன. கதவுகளைக் கறையான் அரித்தது, முற்றத்திற் காடு மண்டியது.

கட்டி முடித்தல் வேறு, திட்டம் நிறைவேறுதல் வேறு. அடுப்பில் முதற் புகை எழும் நாளே வீட்டுத் திட்டம் நிறைவேறும் நாள். பகிர்வு பற்றிய இணக்கமும் ஒரு வேலையே. அத்திவாரத்துக்கு முன்னே முடியவேண்டிய வேலை. அது பிந்தியதால் எல்லாமே பிந்தின.

இக்கலையைப் பயில விழையும் மாணாக்கர் சான்றிதழைப் பெறுக; ஆயின், ஒருமுறையேனும் நம்மூர்ப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் சென்றமர்க. நீரைத் திறப்பதற்கு முன்னரே, அது யார் வயலுக்கு எந்நாளிற் பாயும் என்பதை அங்கே பேசி முடிக்கின்றனர்.