முகமூடியும் பதிவேடும்: பாரதியின் புதுச்சேரி வாழ்வை முன்வைத்து

முன்னுரை

அதிகாரத்தின் பிடிக்கு அப்பால் நின்று மக்களுக்காகச் செயற்படும் ஒருவர் தம் அடையாளத்தை மறைப்பதா, அரசின் ஏட்டில் பதிவதா என்னும் வினா, 2006–07இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட ‘சிவில் வார்’ படக்கதையின் மையமாகும். அதில் ஸ்பைடர்மேன் பதிவுச் சட்டத்தை ஆதரித்து முகமூடியைக் களைகிறார். பின்னர் எதிரணிக்கு மாறுகிறார். இவ்வினா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழ்ச் சூழலில் எழுந்ததை இக்கட்டுரை விளக்குகிறது.

பதிந்த பெயரும் எழுதிய கையும்

1867ஆம் ஆண்டு அச்சக, நூற்பதிவுச் சட்டத்தின்படி, இதழ் வெளியிடுவோர் நடுவர்முன் உறுதிமொழி அளித்துப் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. சென்னை ‘இந்தியா’ இதழின் எழுத்துப்பணியை நடத்தியவர் பாரதி. சட்டப் பொறுப்பாளராகப் பதிவானவரோ எம். சீனிவாசன். 1908இல் அரசநிந்தனை வழக்கில் சீனிவாசன் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரி சென்றார். மறைவு ஒருவரைக் காத்தது; அதற்குரிய விலையைப் பதிவேட்டில் இருந்தவர் செலுத்தினார். மறைவை வீரமாக மட்டும் போற்றும் ஆய்வுகள் இவ்விலையையும் கணக்கிற்கொள்ளல் வேண்டும்.

ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் முதலிய பாரதியின் புனைபெயர்கள் அனைத்தும் ஒளிவதற்காகப் பூண்டவையல்ல. அவற்றுள் இலக்கியப் பற்றும் சமயப் பற்றும் வெளிப்படுகின்றன. ஆனால் வ.வே.சு. ஐயர் 1910இல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்தடைந்தது தப்புதலுக்கே ஆகும்.

பதிவே காப்பாதல்

1910களின் தொடக்கத்தில் பிரெஞ்சிந்திய அரசு அயலார் பதிவு விதியைக் கொணர்ந்தது. தங்க விரும்புவோர் உள்ளூர்ப் பெரியோர் ஐவரின் சான்றைப் பெற வேண்டியிருந்தது. கலவை சங்கரச் செட்டியார் முதலியோர் துணைநின்றமையால் சுதேசிகள் பதிவுபெற்றனர். ஐயர் வீட்டுக் கிணற்றில் சூழ்ச்சியாக இடப்பட்ட போலி ஆவணங்களை அவர்கள் தாமே பிரெஞ்சு அரசுக்கு அறிவித்ததாக நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. ஓர் அரசிடமிருந்து ஒளிந்தோர் மற்றோர் அரசின் பதிவேட்டைக் கேடயமாக்கினர்.

எல்லை கடத்தல்

இக்கேடயம் எல்லைக்குள் மட்டுமே செல்லும். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் சாலை, ஏறத்தாழ 22 கி.மீ. தொலைவில் கடலூரை அடைகிறது. அச்சாலையின் ஒரு முனை பிரெஞ்சு ஆட்சியிலும் மறுமுனை ஆங்கில ஆட்சியிலும் இருந்தன. 1918 நவம்பர் 20இல் ஆங்கில எல்லைக்குள் நுழைந்த பாரதி கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 14இல் நிபந்தனைகளுடன் விடுதலையானார். திருநெல்வேலி மாவட்டத்தில் வாழ்தல், எழுத்துகளைக் காவல்துறையின் முன்அனுமதிக்கு உட்படுத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். புதுச்சேரியில் பதிவு அவர் எழுத்துக்கு இடம் தந்தது. இங்கோ எழுத்தே பதிவுக்கு உட்படுத்தப்பட்டது.

முடிவுரை

எனவே, ‘மறைவா, பதிவா’ என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. பதிவேடு யார் கையில் உள்ளது, அது எதற்குப் பயன்படுகிறது, மறைவின் சுமையை யார் ஏற்கிறார் என்னும் மூன்றுமே விடையைத் தீர்மானிக்கின்றன. பாரதியின் புதுச்சேரி வாழ்வைப் புகலிட வாழ்வாக மட்டுமன்றி, இருவேறு பதிவேடுகளுக்கு இடைப்பட்ட வாழ்வாகவும் அணுகுதல் தகும்.