முதலில் குண்டு, பிறகு குழல்

1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு புதிய ரைஃபிள் தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தின் .243. இன்னொன்று ரெமிங்டனின் .244. பெயரில்தான் வேறுபாடு, இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே, 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ரெமிங்டன் தோட்டாவில் வெடிமருந்துக்கு இடம்கூடக் கொஞ்சம் அதிகம். ஆனாலும் .243 கொடிகட்டிப் பறந்தது, .244 கடைகளில் தேங்கியது.

தோல்வியின் காரணம் குழலுக்குள் இருந்தது. ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் இருக்கும். அவற்றைப் புரி என்போம். புரியில் சிக்கித்தான் குண்டு பம்பரம்போலச் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. வின்செஸ்டர் குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. ரெமிங்டன் குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இந்தச் சுற்றளவைத்தான் முறுக்கு என்பார்கள். சின்னப் பிராணிகளைச் சுடுவதற்கான இலேசான குண்டுகளை மனத்தில் வைத்து ரெமிங்டன் அப்படிச் செய்தது. வாங்க வந்தவர்களோ, மான் வேட்டைக்கும் அதே துப்பாக்கி உதவ வேண்டும், 100 கிரெயின் எடையுள்ள குண்டும் அதில் நேராகப் போக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். 12 அங்குல முறுக்கு அந்த நீளமான குண்டைத் தாங்குமா என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலத்துக்கு ஒன்று என இறுக்கியது. 1963-ல் தோட்டாவின் பெயரையே 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று மாற்றியது. போன சந்தை போனதுதான்.

போல்ட் ஆக்ஷன் ரைஃபிளுக்கு மாற்றுக் குழல் வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். எந்தக் கம்பெனிக் குழல், எந்த எஃகு, என்ன விலை என்றுதான் பலரும் கேட்கத் தொடங்குகிறார்கள். எந்தக் குண்டைச் சுடப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

இங்கே பேசுவது அமெரிக்கச் சந்தையைப் பற்றி. அந்நாட்டின் மத்தியச் சட்டப்படி, வரிசை எண் பொறித்த ரிசீவர் என்ற நடுப்பகுதிதான் ‘துப்பாக்கி’. குழல் வெறும் உதிரிப் பாகம்; அதனால்தான் மாற்றுக் குழல்களுக்கென்று ஒரு பெரிய தொழிலே அங்கு வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமாகவே கணக்கில் கொள்கிறது. பிரிட்டனிலும் குழலுக்கு உரிமம் வேண்டும். அமெரிக்காவில் குடியிருக்கும் நம்மவர்கள் யாரும், ஒரு குழல்தானே, பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

சரி, குழலை ஏன் மாற்ற வேண்டும்? முதல் காரணம் தேய்மானம். குழல் டயரைப் போலத் தேயும் பொருள். தோட்டா உட்காரும் அறையை சேம்பர் என்பார்கள். அதைத் தாண்டியதும் புரி தொடங்கும் இடம்தான் குழலின் தொண்டை. ஒவ்வொரு முறை சுடும்போதும் கொதிக்கும் வாயு முதலில் அங்கேதான் மோதுகிறது. பல நூறு முறை சுட்டபின் குழல்நோக்கிக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தால், கோடையில் வற்றிய ஏரியின் தரைபோல அந்த இடம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். .308 வின்செஸ்டர் போன்ற நிதானமான தோட்டா என்றால் 5,000 முறை சுட்டும் குழல் நன்றாக இருக்கலாம். 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கு 2,000 முதல் 3,000 வரை என்பது போட்டிக்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. சிறிய துளையில் நிறைய மருந்தை எரிக்கும் தோட்டாக்கள் இன்னும் சீக்கிரம் தொண்டையைத் தின்றுவிடும். அடுத்தடுத்துச் சுட்டு, குழலை ஆறவிடாமல் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

இரண்டாவது காரணம், வேறு தோட்டாவுக்கு மாறும் ஆசை. மூன்றாவது, துல்லியம் போதவில்லை என்ற மனக்குறை. இந்த மூன்றாவதில் அவசரப்படாதீர்கள். தொலைநோக்கியின் பிடிமானத் திருகு தளர்ந்திருக்கலாம். ரிசீவரை மரக்கட்டையோடு இணைக்கும் திருகுகள் சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். குழலின் வாய் விளிம்பு எங்காவது இடித்து நசுங்கியிருக்கலாம். உள்ளே செம்பு படிந்திருக்கலாம். குழல் மரக்கட்டையில் எங்கோ உரசிக்கொண்டும் இருக்கலாம். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களை மாற்றிப் போட்டு, மூன்று குண்டுகள் தாளில் இடும் துளைக் கூட்டத்தை நம்பாமல் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்த பிறகே குழலைக் குறை சொல்லலாம். சில நூறு டாலர் செலவழித்துப் புதுக் குழல் போட்ட பிறகு, குற்றம் ஒரு திருகில்தான் இருந்தது என்று தெரியவந்தால் மனது தாங்காது.

இனி முறுக்குக்கு வருவோம். குண்டு நேராகப் பறக்கத் தேவையான சுழற்சியைத் தீர்மானிப்பது எடையைவிட அதன் நீளம்தான். இதற்கு 1879-லேயே ஒரு வாய்பாடு தந்தவர் ஆல்ஃபிரட் கிரீன்ஹில் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். குண்டின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, அதை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். .308 அங்குல விட்டமும் ஏறத்தாழ 1.2 அங்குல நீளமும் உள்ள 168 கிரெயின் போட்டிக் குண்டுக்கு விடை கிட்டத்தட்ட 12. அந்தக் குண்டுக்குப் பல காலமாகப் பயன்பட்டுவரும் முறுக்கும் 12 அங்குலத்துக்கு ஒன்றுதான். நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைய கணக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்புதான். குண்டின் வேகத்தையும் காற்றின் அடர்த்தியையும் சேர்த்துக்கொள்ளும் டான் மில்லரின் வாய்பாட்டைத்தான் இப்போது பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். குழல் தயாரிப்பாளர்களும் குண்டு தயாரிப்பாளர்களும் அதற்கான கணிப்பான்களை வைத்திருக்கிறார்கள்.

காற்றின் அடர்த்தி என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் குண்டு எளிதில் தள்ளாடும். தொடக்க கால ஏஆர்-15 ரைஃபிள்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தது. கடுங்குளிரில் சோதித்தபோது அது போதாது என்று தெரிந்து, 1963-ல் 12 அங்குலத்துக்கு மாற்றினார்கள். பின்னாளில் நீளமான குண்டுகள் வந்ததும், அதன் இராணுவ வடிவமான எம்16ஏ2-வில் அது 7 அங்குலம் வரை இறங்கியது.

முறுக்கைக் கவனிக்க இன்னொரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு பயன்படுத்தக் கூடாது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும். ஈயக் குண்டை அழகாகச் சுட்ட பழைய முறுக்கு, அதே எடைச் செம்புக் குண்டுக்குப் போதாமல் போகலாம். அதனால் இரண்டு முறுக்குகளுக்கு நடுவே தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கொஞ்சம் இறுக்கமானதையே எடுங்கள். முறுக்கு சற்று மிகுந்தால் வரும் இழப்பு சிறியது. குறைந்தாலோ குண்டு குறுக்காகப் புரண்டு போய், இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போன்ற கிழிசலைப் போடும்.

தோட்டாவை மாற்ற நினைப்பவர், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். .308, .243, 6.5 கிரீட்மூர், .22-250 ஆகிய நான்குக்கும் அடிப்பகுதி ஒரே அளவு. ஆகையால் .308-இலிருந்து மற்ற மூன்றுக்கும் குழல் மாற்றினால் போதும், போல்ட்டைத் தொட வேண்டாம். அடிப்பகுதி அளவு வேறான .223-க்கோ மேக்னம் வகைக்கோ போவதென்றால் போல்ட்டும் மாற வேண்டும். துப்பாக்கியின் தோட்டாப் பெட்டி (மேகசின்) கொள்ளும் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். நீளமான குண்டுக்கென்று தொண்டை வெட்டிய குழலை வாங்கிவிட்டு, அந்தத் தோட்டா பெட்டிக்குள் நுழையாமல் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

புரி போடும் முறை பற்றி வாதங்களுக்குக் குறைவில்லை. ஒற்றை வெட்டுளியை மீண்டும் மீண்டும் இழுத்து, ஒவ்வொரு பள்ளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குவது ஒரு முறை. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீகர் இதற்குப் பெயர்போனது. புரியின் எதிர்வடிவம் கொண்ட கடினமான பட்டனைத் துளைக்குள் அழுத்தித் தள்ளியோ இழுத்தோ பதிப்பது இரண்டாவது. டெக்சஸின் ஷைலன், மொன்டானாவின் லில்யா இந்த வழி. மூன்றாவது, புரிவடிவ உருளையைத் துளைக்குள் வைத்து வெளியிலிருந்து சம்மட்டிகளால் அடித்து இறுக்குவது. ஜெர்மனியில் பிறந்த இந்த முறையைப் பெரிய ஆலைகள் விரும்புகின்றன. உலகச் சாதனைக் கூட்டங்களை வெட்டுப் புரியும் பட்டன் புரியும் தந்திருக்கின்றன. முறையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். துளை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக இருக்கிறதா, ஈயக் கட்டியில் தேய்ப்புப் பசை தடவிக் கையால் உட்புறத்தை மெருகேற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பணம் அதற்குத்தான். எஃகில் 416ஆர் என்ற துருப்பிடிக்காத வகையும் குரோமோலி வகையும் புழக்கத்தில் உள்ளன. இரண்டிலும் நல்ல குழல்கள் உண்டு.

நீளத்தைப் பொறுத்தவரை, ஓர் அங்குலம் குறைத்தால் நொடிக்கு 20 முதல் 30 அடி வரை வேகம் குறையும் என்பது தோராயக் கணக்கு. 24 அங்குல .308 குழலை 20 ஆக்கினால் ஏறக்குறைய 100 அடி வேகம் போகும். காட்டுக்குள் 200 கெஜத்தில் மான் சுடுபவருக்கு அது பொருட்டில்லை. ஆயிரம் கெஜப் போட்டிக்காரருக்கு அது பெரிது. எதுவாக இருந்தாலும் 16 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. அரசிடம் முன்கூட்டிப் பதிவு செய்யாமல் அதற்குக் குறைவான ரைஃபிள் குழலைப் பொருத்துவது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம்.

பருமனில் ஓர் இயற்பியல் உண்மை ஒளிந்திருக்கிறது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 0.7 அங்குலக் குழலைவிட 0.9 அங்குலக் குழல் இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பானது. எடையும் கூடும். நாள் முழுக்க மலை ஏறி இறங்குபவர் மெல்லிய குழலைத்தான் எடுக்க வேண்டும். அவர் சுடப்போவது இரண்டு குண்டு, அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். வெளிப்புறத்தில் பள்ளம் வெட்டிய குழல் விறைப்பு கூடியது என்று விளம்பரங்கள் சொல்லும். அதே எடையுள்ள சாதாரணக் குழலோடு ஒப்பிட்டால் அது உண்மை. அதே வெளிவிட்டமுள்ள குழலில் பள்ளம் வெட்டினால் எடையோடு விறைப்பும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கார்பன் இழை சுற்றிய குழல்கள் எடையை நன்றாகக் குறைக்கின்றன, விலைதான் கடுமை.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, பொருத்துதல். லேத் பட்டறையில் வெறும் குழலைக் கடைந்து, மரை போட்டு, சேம்பர் வெட்டித் தருவது பழைய வழி. 1958-ல் வந்த சாவேஜ் 110 வேறு வழி காட்டியது. அதில் குழலை ஒரு பெரிய நட்டு இறுக்கிப் பிடிக்கும். நட்டைத் தளர்த்திக் குழலை முன்னும் பின்னும் திருகி அளவை நிறுத்தலாம். அதனால் ஆயத்தக் குழல்கள் பெருகின. ரெமிங்டன் 700-க்கும் அதே நட்டு முறையில் குழல் கிடைக்கிறது. ரெமேஜ் என்று இரண்டு பெயர்களையும் ஒட்டிச் செல்லமாக அழைக்கிறார்கள்.

அந்த ‘அளவு’ என்ன? மூடிய போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பருக்குள் தோட்டாவின் தோள் (உறை குறுகும் பகுதி) முட்டி நிற்கும் இடம் வரையுள்ள தூரம், ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அதைச் சோதிக்கும் அளவுகட்டைகள்தான் கேஜ்கள். .308-க்கு ‘கோ’ கேஜ் 1.630 அங்குலம், ‘நோ-கோ’ கேஜ் 1.634. முதலாவதன்மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன்மேல் மூடக் கூடாது. நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தூரம் மிகுந்தால் பித்தளை உறை இழுபட்டுப் பிளந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்கு நேராகத் திரும்பக்கூடும். ஆயத்தக் குழல்தானே என்று கேஜ் இல்லாமல் யாரும் பொருத்தக் கூடாது. வீட்டில் செய்யும் துணிவு இருந்தாலும், முதல் குண்டைச் சுடும் முன் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அவர் வாங்கும் கூலி கண்ணின் விலையைவிடக் குறைவு.

வேலை முடிந்து துப்பாக்கியை வாங்கும்போது, குழலின்மேல் புதிய தோட்டாவின் பெயர் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். .308 ஆக வாங்கி 6.5 கிரீட்மூராக மாறிய ரைஃபிள் வெளித்தோற்றத்தில் பழையதுபோலவே இருக்கும், அலமாரியில் பழைய .308 பெட்டிகளும் மிச்சம் இருக்கும். பத்து வருடம் கழித்து அந்த அலமாரியைத் திறக்கப்போகிறவர் உங்கள் மகளாகவோ தம்பியாகவோ இருக்கலாம். எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்போவது அந்தப் பொறிப்பு மட்டும்தான்.